தென்காசி இருப்புப்பாதையும் ஆட்சியுரிமையும்: அயல் முதலீட்டின் அரசியல் விளைவுகள் பற்றிய ஓர் ஆய்வு

1. முன்னுரை

ஒரு நாட்டில் வழி அமைப்போர் அந்நாட்டின் வாழ்வையும் ஓரளவு அமைத்துவிடுகின்றனர். சாலை, துறைமுகம், இருப்புப்பாதை ஆகியவை பொருளையும் மக்களையும் சுமப்பவை. அவற்றை அமைக்கப் பணம் தந்தவர், அப்பணத்துக்குப் பொறுப்பேற்றவர், அவற்றை நடத்தும் உரிமை பெற்றவர் என்னும் மூவர்க்கிடையே உண்டாகும் உறவையும் அவை சுமந்து நிற்கின்றன. மூவரும் ஒரு நாட்டினராய், ஒரே அவைக்குக் கணக்குக் கொடுப்பவராய் இருப்பின் அரசியற் சிக்கல் பெரிதும் எழுவதில்லை. பணம் ஒரு நாட்டிலிருந்தும் பொறுப்பு மற்றொரு நாட்டுக் குடிகளிடமிருந்தும் வரும்போது, நடத்தும் உரிமை யாரிடம் நிற்கிறது என்பது தலையாய வினாவாகிவிடுகிறது.

நம் நாட்டில் ஆங்கிலேயர் அமைத்த இருப்புப்பாதைகளைப் பற்றி இருவகைக் கருத்துகள் நிலவி வருகின்றன. பிரிந்து கிடந்த நாட்டை ஒன்றாக்கிய நன்கொடை அவை என்பர் ஒரு சாரார். நாட்டின் செல்வத்தைத் துறைமுகத்துக்கு இழுத்துச் சென்ற கொள்ளைக் கருவி என்பர் மற்றொரு சாரார். இரு கூற்றிலும் உண்மை உண்டு. ஆயினும், இரு சாராரும் தண்டவாளத்தை நோக்கிய அளவுக்குத் தண்டவாளத்தை இடுவித்த உடன்படிக்கையை நோக்கினாரல்லர். அவ்வுடன்படிக்கையில் நட்டத்துக்கு யார் பொறுப்பு என்றும், நடத்துதற்கு யார் உரிமையர் என்றும் எழுதப்பெற்றனவே பின்வந்த அரசியலைப் பெரிதும் உறுதி செய்தன என்பது இக்கட்டுரையின் கருத்து. திருநெல்வேலியிலிருந்து தென்காசி, செங்கோட்டை வழியாகக் கொல்லம் சென்ற பாதையைச் சான்றாகக் கொண்டு இக்கருத்து ஈண்டு ஆராயப்பெறுகிறது.

தொடக்கத்திலேயே ஓர் ஐயத்தைக் களைதல் நன்று. ஆண்டவரும் ஆங்கிலேயர், முதலிட்டவரும் ஆங்கிலேயர் ஆயின், இதனை அயல் முதலீடு எனலாமோ என வினவலாம். பங்குதாரர் இங்கிலாந்தில் வாழ்ந்தனர். கம்பெனியின் இயக்குநர் குழு இலண்டனில் கூடியது. முதலும் வட்டியும் பவுன் நாணயத்தில் கணக்கிடப்பெற்றன. வட்டியைத் தந்த கருவூலமோ இந்தியக் குடிகளின் வரியால் நிறைந்தது. மேலும், செங்கோட்டைக்கு மேற்கே அப்பாதை சென்ற நிலம் பிரிட்டிஷ் இந்தியா அன்று. திருவிதாங்கூர் மன்னரின் நாடு. ஆதலின் அயல் முதலீடு என்னும் சொல் இங்கு முற்றும் பொருந்தும்.

2. கணவாயும் பெருவழியும்

மேற்குத் தொடர்ச்சி மலை தெற்கே தாழ்ந்து வழிவிடும் இடங்களுள் ஆரியங்காவுக் கணவாய் ஒன்று. அக்கணவாயின் கீழ்வாயிலில் செங்கோட்டையும், அதற்குக் கிழக்கே சில கல் தொலைவில் தென்காசியும், மலையடியில் குற்றாலமும் அமைந்துள்ளன. கிழக்கே விளைந்த நெல்லும் பருத்தியும் மேற்கே செல்லவும், மேற்கே விளைந்த மிளகும் இஞ்சியும் தேங்காயும் மரமும் கிழக்கே வரவும் இவ்வழி நெடுங்காலம் பயன்பட்டது. குற்றாலத்தின் குளிர்ச்சியைக் கண்ட கிழக்கிந்தியக் கம்பெனியார் அங்கே சாதிக்காய், கிராம்பு முதலிய நறுமணப் பயிர்த் தோட்டங்களையும் அமைத்தனர்.

இப்பகுதியின் பழைய பொதுப்பணிகள் இந்நிலத்தின் வருவாயைக் கொண்டே நடந்தன. தாமிரபரணியின் அணைகளும், கால்களும், குளங்களும், வழிப்போக்கர் மண்டபங்களும் அரசர் கொடையாலும் ஊரார் உழைப்பாலும் எழுந்தவை. 15ஆம் நூற்றாண்டில் தென்காசிக் கோயிலை எடுப்பித்த பராக்கிரம பாண்டியன், பிற்காலத்தில் அக்கோயிலைப் பேணிக் காப்போர்க்குத் தான் பணிவதாகக் கல்லில் பொறித்து வைத்தான். அக்கல்வெட்டைப் பத்திப் பெருக்கின் சான்றாகவே பலரும் போற்றுவர். அதனுள் ஓர் ஆட்சிக் கொள்கையும் அடங்கியுள்ளது. கட்டியவன் தன்னைக் காப்பவனுக்குக் கடமைப்பட்டவனாக அதில் வைத்துக்கொள்கிறான். 19ஆம் நூற்றாண்டின் இருப்புப்பாதை உடன்படிக்கைகளில் இக்கடமை எதிர்த்திசையில் ஓடியதை அடுத்துக் காண்போம்.

3. உத்தரவாத முறை

இந்தியாவில் இருப்புப்பாதை அமைக்க முன்வந்த ஆங்கிலக் கம்பெனிகளோடு 1849ஆம் ஆண்டு முதல் செய்துகொள்ளப்பெற்ற உடன்படிக்கைகள் ஏறத்தாழ ஒரே வடிவின. இட்ட முதலுக்கு ஆண்டுக்கு நூற்றுக்கு 5 விழுக்காடு அளவில் வட்டி கிடைக்கும் என அரசு உத்தரவாதம் அளித்தது. பாதையின் வருமானம் அதற்குக் குறையின், அக்குறையை இந்திய வருவாயிலிருந்து நிரப்ப வேண்டும். மிகின், மிகுதி இரு திறத்தார்க்கும் பங்காகும். நிலத்தை அரசே விலையின்றி 99 ஆண்டுக்கு வழங்கும். பாதையை நடத்த விரும்பாவிடின், அரசிடம் ஒப்படைத்து இட்ட முதலைத் திரும்பப் பெறும் வாய்ப்பும் கம்பெனிக்கு உண்டு.

இதன் விளைவை எளிதில் உணரலாம். நட்டம் வாராத வணிகன் சிக்கனத்தை நாடான். செலவு எவ்வளவு ஏறினும் பங்குதாரரின் வட்டி குறையாது ஆதலின், செலவைக் கட்டுப்படுத்தும் ஊக்கம் கம்பெனிக்கு இல்லாது போயிற்று. அரசு தன் பொறியாளரைக் கொண்டு மேற்பார்வை செய்ததாயினும், அம்மேற்பார்வை குடிகளின் பேராளர்க்கு விடை கூறும் மேற்பார்வை அன்று. 1869ஆம் ஆண்டளவில் அரசே இம்முறையின் குறையை உணர்ந்து, தானே கடன் வாங்கிப் பாதை அமைக்கும் முறையைத் தொடங்கியது. பின்னர்ப் பஞ்சமும் போரும் கருவூலத்தை வருத்தவே, 1880ஐ ஒட்டிக் குறைந்த வட்டி விகிதத்தோடு உத்தரவாத முறை மீண்டும் வந்தது.

தமிழ்நாட்டில் இம்முறையின் வழி வந்த கம்பெனி நாகப்பட்டினத்திலிருந்து தொடங்கியது. நாகப்பட்டினம் முதல் தஞ்சை வரை 1861இலும், திருச்சிராப்பள்ளி வரை 1862இலும் பாதை திறக்கப்பெற்றது. 1874இல் இக்கம்பெனியும் கர்நாடகக் கம்பெனியும் இணைந்து தென்னிந்திய இருப்புப்பாதைக் கம்பெனி ஆயிற்று. 1876இல் தூத்துக்குடிக்கும் திருநெல்வேலிக்கும் வண்டிகள் ஓடத் தொடங்கின. 1890ஆம் ஆண்டின் முடிவில் அரசு அப்பாதையை விலைக்கு வாங்கியது. எனினும், 1891 முதல் புதிய உடன்படிக்கையின்படி அதனை நடத்தும் உரிமை இலண்டனில் அமைந்த கம்பெனிக்கே விடப்பெற்றது. உடைமை அரசுடையது, நடத்துதல் கம்பெனியுடையது என்னும் இப்பிளவு அரை நூற்றாண்டுக்கு மேல் நீடித்தது.

முதலிடுவோரின் விருப்பம் பொதுப்பணியின் வரிசையையே மாற்றியதும் இவ்விடத்துக் குறிக்கத்தக்கது. 1836இல் கொள்ளிடத்தின் மேலணையைக் கட்டிய ஆர்தர் காட்டன், இந்நாட்டுக்கு முதலில் வேண்டுவது நீர்ப்பாசனமும் நீர்வழியுமே என்று வாழ்நாள் முழுதும் வாதாடினார். ஆயினும் இலண்டன் பணச்சந்தை நாடியது இருப்புப்பாதைப் பங்கையே. 1876 முதல் 1878 வரை தென்னாட்டை வாட்டிய பெரும்பஞ்சத்தின்பின் இவ்வழக்கு மீண்டும் எழுந்தது. குடிகளின் தேவைக்கும் முதலிடுவோரின் விருப்பத்துக்கும் இடையே நின்ற அரசு, பின்னதையே நெடுங்காலம் முன்வைத்தது.

4. எல்லையும் நீதியும்

இவ்வுடன்படிக்கை முறை பிரிட்டிஷ் எல்லையைக் கடந்து ஒரு சமஸ்தானத்துக்குள் நுழைந்தபோது நிகழ்ந்ததைத் தென்காசிப் பாதை காட்டுகிறது. திருநெல்வேலியிலிருந்து கல்லிடைக்குறிச்சி வரை 1902இலும், அங்கிருந்து அம்பாசமுத்திரம், கடையம், தென்காசி வழியாகச் செங்கோட்டை வரை 1903இலும் பாதை திறக்கப்பெற்றது. கொல்லத்திலிருந்து புனலூர் வரையுள்ள பகுதியும், புனலூரையும் செங்கோட்டையையும் இணைக்கும் மலைப்பகுதியும் 1904இல் திறக்கப்பெற்றன. மலையைக் குடைந்த சுரங்கங்களும், கழுதுருட்டிக்கு அருகிலுள்ள பதின்மூன்று கண் பாலமும் அக்காலப் பொறியியல் திறத்துக்குச் சான்றாக இன்றும் நிற்கின்றன.

செங்கோட்டை அந்நாளில் திருவிதாங்கூரைச் சேர்ந்தது. ஆதலின் தென்காசிக்கும் செங்கோட்டைக்கும் இடையே வண்டி ஓர் அரசியல் எல்லையைக் கடந்தது. மன்னர் ஸ்ரீமூலம் திருநாள் காலத்தில், திவான் கே. கிருஷ்ணசாமி ராவின் ஆட்சியில் (1898–1904), இப்பாதையின் திருவிதாங்கூர்ப் பகுதி அமைந்தது. அப்பகுதிக்கு இட்ட முதலின் வட்டிக்குச் சமஸ்தானமே உத்தரவாதம் அளித்தது. கட்டியதும் நடத்தியதும் தென்னிந்திய இருப்புப்பாதைக் கம்பெனி. சமஸ்தானத்துக் குடி தந்த வரியால் தாங்கப்பெற்ற பாதையின் கட்டணத்தையும் கால அட்டவணையையும் வேலைவாய்ப்பையும் வகுக்கும் இடம் சமஸ்தானத்துக்கு வெளியே இருந்தது.

இதனினும் ஆழமான விளைவு நீதித்துறையில் உண்டாயிற்று. சமஸ்தானங்களின் ஊடே தொடர்ச்சியாகச் செல்லும் பாதைகளின் நிலத்தில் குடிமை, குற்றவியல் அதிகாரங்களை மன்னர் பிரிட்டிஷ் அரசுக்கு விட்டுக்கொடுக்க வேண்டும் என்பது இந்திய அரசின் கொள்கை. திருவிதாங்கூரும் அவ்வாறே விட்டுக்கொடுத்தது. இதனால், மன்னரின் நாட்டுக்கு நடுவே, மன்னரின் நீதிமன்றம் செல்லாத ஒரு மெல்லிய நிலக்கீற்று மலையடியிலிருந்து கடற்கரை வரை நீண்டது. அதன் பரப்பு சிறிது. ஆயினும் இறைமை என்பது பரப்பால் அளக்கப்படுவது அன்று. நாடு மன்னருடையது, நாட்டின் வழி மற்றொருவருடையது என்னும் நிலை அதனால் உண்டாயிற்று.

இத்தகைய அதிகாரம் எவ்வளவு எளிதில் விரியக்கூடும் என்பதை ஐதராபாத்தில் எழுந்த ஒரு வழக்கு உணர்த்தும். பிரிட்டிஷ் இந்தியாவில் பிறந்த கைது ஆணையைக் கொண்டு, நிஜாம் எல்லைக்குட்பட்ட இருப்புப்பாதை நிலையமொன்றில் நிஜாமின் குடி ஒருவர் பிடிக்கப்பட்டார். அவர்மீது சாட்டிய குற்றத்துக்கும் இருப்புப்பாதைக்கும் தொடர்பு இல்லை. 1897இல் இலண்டன் பிரிவி கவுன்சில், நிஜாம் விட்டுக்கொடுத்த அதிகாரம் பாதையின் நிருவாகத்துக்கு வேண்டிய அளவினதே என்றும், ஆதலின் அக்கைது முறையற்றது என்றும் தீர்ப்பளித்தது. தீர்ப்பு நேரியதே. எனினும், இறுதியில் இலண்டனுக்குச் சென்றே அந்த எல்லையை வரைந்துகொள்ள வேண்டியிருந்தது.

அதே ஐதராபாத்தில் 1883இல் சாந்தா இருப்புப்பாதைத் திட்டத்தை எதிர்த்துப் பொதுக் கிளர்ச்சி ஒன்றும் எழுந்தது. வெளிநாட்டு முதலுக்கு நிஜாம் அரசு வட்டி உத்தரவாதம் அளிப்பதன் நன்மை தீமைகளை மக்கள் அறிய வெளியிட வேண்டும் என்று கேட்டவர்களுள் அகோரநாத சட்டோபாத்தியாயர் முன்னின்றார். கவியரசி சரோஜினி நாயுடுவின் தந்தையாகிய அவர், அதன் பொருட்டு அந்நாட்டிலிருந்து வெளியேற்றப்பட்டார். காங்கிரஸ் மகாசபை தோன்றுதற்கு இரண்டு ஆண்டுகட்கு முன்னரே, ஓர் உடன்படிக்கையின் வாசகத்தைக் கேட்பது அரசியற் குற்றமாகக் கருதப்பட்டது என்பதை இந்நிகழ்ச்சி காட்டுகிறது.

5. இருவேறு முதல்கள்

தென்காசிப் பாதை திறந்த சில ஆண்டுகளுள், அதே திருநெல்வேலி மாவட்டத்தில் மற்றொரு போக்குவரத்து முயற்சி தோன்றியது. 1906இல் வ.உ. சிதம்பரனார் தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் கம்பெனியை நிறுவினார். ஒரு பங்கு 25 ரூபாயாக 40,000 பங்குகள், ஆக மொத்தம் 10 இலட்சம் ரூபாய் முதல் திரட்டுவது அதன் திட்டம். 'காலியா', 'லாவோ' என்னும் இரு கப்பல்கள் வாங்கப்பெற்றுத் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே ஓடின. பாரதியார் தம் 'இந்தியா' இதழில் இம்முயற்சியைப் போற்றி எழுதினார்.

இவ்விரண்டு முயற்சிகளையும் அருகருகே வைத்து நோக்குதல் பயனுடைத்து. இருப்புப்பாதையின் முதல் இலண்டன் சந்தையில் திரண்டது. கப்பலின் முதல் வணிகரிடமும் வழக்கறிஞரிடமும் நிலக்கிழாரிடமும் திரண்டது. முன்னதற்குக் கருவூலம் வட்டி உறுதி அளித்தது. பின்னதற்கு அத்தகைய உறுதி யாதும் இல்லை. முன்னதன் நட்டம் குடிகளுடையது. பின்னதன் நட்டம் பங்கு வாங்கினோருடையது. துணிவுக்கு ஊதியம் என்பது வணிக அறமாயின், துணிந்தவர் தூத்துக்குடியாரே. ஆயினும் அரசின் அரவணைப்பு துணியாதார்க்கே கிடைத்தது.

போட்டியிட்ட பிரிட்டிஷ் இந்திய நீராவிக் கப்பல் கம்பெனி பயணக் கட்டணத்தைப் பெரிதும் குறைத்தது. அதிகாரிகள் அக்கம்பெனியின் பக்கம் சாய்ந்தனர் என்னும் மனக்குறை மாவட்டமெங்கும் பரவிற்று. 1908 மார்ச்சில் சிதம்பரனாரும் சுப்பிரமணிய சிவாவும் சிறைப்படுத்தப்பெற்றனர்; திருநெல்வேலியில் கலகம் மூண்டது; துப்பாக்கிச் சூடு நிகழ்ந்தது. அவ்வாண்டு ஜூலையில் சிதம்பரனார்க்கு விதிக்கப்பெற்ற கடுந்தண்டனையை நாடறியும். தலைவரை இழந்த கம்பெனி 1911இல் கலைந்தது. அயல் முதல் தனக்கு வேண்டிய பாதுகாப்பை உடன்படிக்கையின் மூலம் பெற்றிருந்தது; உள்நாட்டு முதலுக்கு அத்தகைய பாதுகாப்பைக் கேட்கும் அவையே இல்லை. ஆதலின், பொருளாதாரப் போட்டியாகத் தொடங்கியது ஆட்சியுரிமை வழக்காக மாறியது இயல்பே.

அயல் முதலைப் பற்றித் தேசியவாதிகள் அந்நாளிலேயே ஆழ்ந்து எழுதினர். தாதாபாய் நவுரோஜியின் நூல் 1901இலும், ரொமேஷ் சந்திர தத்தரின் பொருளாதார வரலாறு 1902, 1904ஆம் ஆண்டுகளில் இரு பகுதிகளாகவும் வெளிவந்தன. 'சுதேசமித்திரன்' நிறுவிய ஜி. சுப்பிரமணிய ஐயர் 1903இல் ஆங்கில ஆட்சியின் பொருளாதாரக் கூறுகளைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். அயல் முதல் வட்டியை மட்டும் எடுத்துச் செல்வதில்லை. தான் இட்ட பணத்தின் பாதுகாப்பு நாடி, இந்நாட்டவர்க்கு ஆட்சியுரிமை பெருகுவதையும் எதிர்த்து நிற்கும் என்பது தேசியவாதிகள் வற்புறுத்திய கருத்து. பிற்கால நிகழ்ச்சிகள் அக்கருத்தைப் பொய்ப்பிக்கவில்லை.

6. பாதையில் எழுந்த அரசியல்

முதலிட்டவர் கருதாத விளைவுகளும் இப்பாதையால் உண்டாயின. 1910இல் நீலகண்ட பிரமச்சாரியின் முயற்சியால் பாரதமாதா சங்கத்தின் கூட்டம் தென்காசியில் நடைபெற்றது. செங்கோட்டையில் பிறந்து, திருவிதாங்கூர் வனத்துறையில் புனலூரில் பணியாற்றிய வாஞ்சிநாதன், 1911 ஜூன் 17ஆம் நாள் மணியாச்சி நிலையத்தில் ஆட்சியர் ஆஷைச் சுட்டுத் தம்மையும் மாய்த்துக்கொண்டார். புனலூர், செங்கோட்டை, தென்காசி, மணியாச்சி ஆகிய இவ்வூர்கள் ஒரே கம்பெனியின் பாதையால் இணைக்கப்பெற்றவை. இருப்புப்பாதையே அச்செயலை விளைத்தது என்பது நம் கருத்தன்று. அத்தகைய முடிவுக்குச் சான்று இல்லை. இரண்டு அரசுகளின் எல்லையில் தனித்தனியே கிடந்த ஊர்களை ஒரு நாட்பயணத்துள் அடக்கிய பாதை, ஆள்வோர்க்குப் பயன்பட்டவாறே ஆட்சியை எதிர்த்தோர்க்கும் பயன்பட்டது என்பதே கூறத்தக்கது.

தொழிலாளர் அரசியலும் இங்கிருந்து வளர்ந்தது. உயர்பதவிகள் ஐரோப்பியர்க்கும், இடைப்பட்ட பதவிகள் பெரும்பாலும் ஆங்கிலோ இந்தியர்க்கும் ஒதுக்கப்பெற்ற கம்பெனியில், நாட்டுத் தொழிலாளர் கீழ்நிலையில் வைக்கப்பட்டனர். நாகப்பட்டினத் தொழிற்சாலை பொன்மலைக்கு மாற்றப்பெற்றதும், ஆட்குறைப்பும் 1928 ஜூலையில் பெரும் வேலைநிறுத்தத்துக்கு வழிவகுத்தன. அதில் முன்னின்ற சிங்காரவேலர் சிறை சென்றார். நிலையச் சிற்றுண்டிச் சாலைகளில் பிராமணர்க்கும் பிறர்க்கும் தனித்தனி இடம் வகுத்த வழக்கத்தைச் சுயமரியாதை இயக்கம் எதிர்த்துப் போராடியதும், 1941இல் அவ்வழக்கம் நீங்கியதும் யாவரும் அறிந்தன. எவ்வகை வேற்றுமையும் இன்றிப் பயணச்சீட்டு விற்கும் நிறுவனம், உண்ணும் இடத்தில் வேற்றுமை காட்டியபோது, அது வீட்டு வழக்கம் என்னும் நிலை மாறிப் பொது வழக்காயிற்று.

7. நடத்தும் உரிமையின் மீட்பு

உடைமையும் நடத்துதலும் பிளவுபட்ட நிலையை நீக்குதல் எளிதாக இல்லை. 1920இல் அமைந்த ஆக்வொர்த்துக் குழு 1921இல் தன் அறிக்கையைத் தந்தது. வலங்கைமான் வி.எஸ். சீனிவாச சாஸ்திரியார் அதன் உறுப்பினருள் ஒருவர். இலண்டனிலிருந்து கம்பெனிகள் நடத்தும் முறையை ஒழித்து அரசே நடத்த வேண்டும் என்பது தலைவரும் சாஸ்திரியாரும் உள்ளிட்ட ஒரு பிரிவினரின் முடிபு. குழுவில் மாறுபட்ட பிரிவும் இருந்தது. 1924இல் இருப்புப்பாதை நிதி பொது நிதியிலிருந்து பிரிக்கப்பெற்றது. 1925இல் வடநாட்டுப் பெருங்கம்பெனிகள் இரண்டு அரசின் நேர் ஆட்சிக்கு வந்தன. தென்னிந்தியக் கம்பெனியோ 1944 வரை நீடித்தது.

இதற்கிடையே, 1935ஆம் ஆண்டு இந்திய அரசியற் சட்டம் கூட்டாட்சி இருப்புப்பாதை ஆணையம் ஒன்றை வகுத்தது. மக்கள் தேர்ந்த அமைச்சரின் நேர் ஆட்சிக்கு இருப்புப்பாதைகளை விடாது, தனி ஆணையத்திடம் ஒப்படைப்பதே அதன் நோக்கம். கூட்டாட்சிப் பகுதி நடைமுறைக்கு வாராமையின் அவ்வாணையமும் தோன்றாது ஒழிந்தது. ஆயினும், ஆட்சியுரிமை கைமாறும் வேளையில், முதலீட்டின் காவல் எந்த அளவுக்குச் சட்டத்தின் வடிவத்தையே தீர்மானிக்கும் என்பதற்கு அது தக்க சான்று. 1947இல் பிரிட்டிஷ் மேலாண்மை நீங்கியபோது சமஸ்தான நிலக்கீற்றின்மீது அது செலுத்திய அதிகாரமும் நீங்கியது. 1951 ஏப்ரல் 14ஆம் நாள் தெற்கு இருப்புப்பாதை உருவாயிற்று. 1956 நவம்பர் 1ஆம் நாள் செங்கோட்டை சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது; தென்காசிக்கும் செங்கோட்டைக்கும் இடைப்பட்ட பழைய எல்லை மறைந்தது.

8. ஒப்புநோக்கு

பிறநாட்டு நிகழ்ச்சிகளையும் சுருங்க நோக்குவோம். எகிப்தில் சூயசுக் கால்வாய் 1869இல் திறக்கப்பெற்றது. கடனில் மூழ்கிய இஸ்மாயில் 1875இல் தம் பங்குகளை ஏறத்தாழ 40 இலட்சம் பவுனுக்குப் பிரிட்டிஷ் அரசுக்கு விற்றார். 1876இல் வெளிநாட்டார் கடன் ஆணையம் வந்தது. 1878இல் ஐரோப்பியர் அமைச்சரவையிலேயே அமர்ந்தனர். 1882இல் பிரிட்டிஷ் படை நாட்டைப் பற்றியது. கால்வாயை எகிப்து தன் உடைமையாக்க 1956 வரை காத்திருக்க நேர்ந்தது. திருவிதாங்கூரில் நிலக்கீற்றோடு நின்றது, எகிப்தில் நாடு முழுமையும் பரவியது. கடனைத் தாங்கும் வலிமை எகிப்துக்குக் குன்றியமை இவ்வேற்றுமைக்கு ஒரு காரணம் எனலாம். திருவிதாங்கூரின் கருவூலம் ஒழுங்குற்றிருந்தமையும் ஈண்டு நினைக்கத்தக்கது.

விடுதலைக்குப் பின்னரும் உத்தரவாத முறை மறையவில்லை. மகாராட்டிரத்தில் என்ரான் கம்பெனியின் தாபோல் மின்திட்டத்துக்கு மாநில அரசும், அதற்குமேல் நடுவண் அரசும் உறுதி அளித்தன. 1995 சட்டமன்றத் தேர்தலில் அத்திட்டம் பெரும் வழக்காயிற்று, ஆட்சி மாறியது, உடன்படிக்கை நீக்கப்பெற்றுப் பின் திருத்தங்களோடு மீண்டும் ஏற்கப்பெற்றது, 2001இல் மின்னாக்கம் நின்றது. இங்கே ஐதராபாத்தினின்றும் ஒரு வேறுபாடு புலனாகிறது. 1883இல் வினவியவர் நாடுகடத்தப்பட்டார். 1995இல் வினவியவர் வாக்குப் பெற்றனர். எனினும் வாக்காளர் மாற்றியது ஆட்சியையே. முன்னே எழுதப்பெற்ற உறுதியின் சுமையை அவர்களால் எளிதில் இறக்க இயலவில்லை.

இலங்கையின் அம்பாந்தோட்டைத் துறைமுகம் சீன நாட்டு வங்கிக் கடனால் அமைந்து 2010இல் திறக்கப்பெற்றது. 2017இல் ஏறத்தாழ 112 கோடி டாலருக்கு அதனை நடத்தும் உரிமை 99 ஆண்டுக் குத்தகையாகச் சீனக் கம்பெனி ஒன்றுக்குச் சென்றது. கடனுக்கு ஈடாகத் துறைமுகம் பறிக்கப்பட்டது என்று பரவலாகக் கூறுவர். குத்தகைப் பணம் அந்நாட்டின் அயற்செலாவணி இருப்புக்கே பயன்பட்டது; துறைமுகக் கடனைத் திருப்பித் தரும் பொறுப்பு இலங்கை அரசிடமே தங்கியது. ஆகவே, கடன்பொறுப்பு ஓரிடத்திலும் நடத்தும் உரிமை மற்றோரிடத்திலும் நிற்கும் பழைய பிளவே இங்கும் தோன்றுகிறது. 99 என்னும் எண்ணும் நமக்குப் புதியதன்று. நம் இருப்புப்பாதை நிலக்குத்தகையில் நாம் முன்னரே கண்டதே.

9. முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் மூன்று முடிபுகள் பெறப்படும். முதலாவது, அயல் முதலீட்டின் அரசியல் விளைவு முதலின் அளவைவிட உடன்படிக்கையின் வடிவத்தையே பெரிதும் சார்ந்தது. நட்டத்தின் பொறுப்பு குடிகளிடமும் நடத்தும் உரிமை பிறரிடமும் இருக்குமாயின், அவ்விரண்டையும் ஒன்றுசேர்க்கும் போராட்டம் எந்நாளேனும் எழுந்தே தீரும். இரண்டாவது, இறைமையின் இழப்பு பெரும்பாலும் போரால் நேர்வதில்லை. நிலக்கொடை, வட்டி உறுதி, நீதி அதிகாரம் என்னும் சிறு சிறு இசைவுகளால் நேர்கிறது. ஒவ்வோர் இசைவும் தனித்து நோக்குவார்க்கு நியாயமானதாகவே தோன்றும். மூன்றாவது, பாதையின் பயன் கட்டியவரின் நோக்கத்துள் அடங்குவதில்லை. 1927இல் விருதுநகரிலிருந்து தென்காசிக்கு வந்த பாதை இப்பகுதியின் சந்தைகளை விரித்தது. குற்றாலச் சாரலை நாடுவோர்க்கு வழி எளிதாயிற்று. இப்பயன்களை மறுப்பது வரலாறு ஆகாது. அவற்றைக் காட்டி உடன்படிக்கையின் குறையை மறைப்பதும் வரலாறு ஆகாது.

செங்கோட்டைக்கும் புனலூர்க்கும் இடைப்பட்ட பழைய மீட்டர் பாதை 2010இல் மூடப்பெற்று, அகலப் பாதையாக 2018இல் மீண்டும் திறக்கப்பெற்றது. அதன் செலவும் கட்டணமும் இன்று நாடாளுமன்றத்தில் வினவப்படத்தக்கவை. பழம்பாதையின் கணக்கைக் கேட்க அந்நாளைய குடிக்கு அவை இல்லை. தமிழ் ஆராய்ச்சியாளர் கல்வெட்டுகளில் கொடையாளி யார், காப்போர் யார், தவறுவோர்க்கு என்ன நேரும் என்று நுணுகி ஆராய்வர். அதே நுணுக்கத்தோடு அண்மை நூற்றாண்டுகளின் உடன்படிக்கைகளும் ஆராயப்படல் வேண்டும். தென்காசிக் கல்வெட்டு காப்போரை வணங்கியது. இருப்புப்பாதை உடன்படிக்கை காப்போரிடம் வட்டி கேட்டது. இனி எழுதப்பெறும் உடன்படிக்கைகளில் பொறுப்பேற்கும் குடிகளுக்கு நடத்தும் உரிமையும் கிடைக்கிறதா என்று ஆராய்வது, வரலாறு கற்றோரின் கடமையாகும்.